காரணம்: வீட்டில் குழந்தை

1

வருகிற சனிக்கிழமையோடு எங்கள் வீட்டுக்குப் பூனை வந்து ஒரு வருடம் ஆகிறது. ஏழு வயது மகள் ஆதிரை இரண்டு வாரமாகக் கேக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பூனைக்கு மீன் கேக், நமக்குச் சாக்லேட் கேக் என்று படம் வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். ராஜபாளையத்தில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ அழைப்பில் இதைச் சொன்னேன்.

"பூனைக்குக் கேக்கா? ஏட்டி கோமு, உனக்கே நான் கேக்கு வெட்டுனதில்லையே."

"பாயசம் வச்சீங்களேம்மா."

"அதத்தான் சொல்லுதேன். அந்தக் கழுதைக்கும் ஒரு கரண்டி பாயசத்த ஊத்து. போதும்."

"பூனைக்குப் பால் ஆகாதும்மா."

"பூனைக்குப் பாலு ஆகாதா? யாருட்டி சொன்னா, ஜெர்மன்காரனா?"

தெற்கு ஜெர்மனியில் ஒரு சிறிய ஊர். மூன்றாவது மாடி வீடு. கணவர் செந்தில் கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்யும் ஆலையில் இன்ஜினியர். நான் குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் அரைநாள் வேலை பார்க்கிறேன். பூனையின் பெயர் ஃப்ரீடா. அந்தப் பெயர் அம்மாவின் வாயில் நிற்கவில்லை. வரும்போதே அதற்கு ஒன்பது வயது என்று கேட்டதிலிருந்து 'பெரியவ' என்று கூப்பிடுகிறார். "பெரியவ சாப்பிட்டாளா?" என்று கேட்ட பிறகுதான் மருமகனைப் பற்றி விசாரிப்பார்.

காலை ஆறு மணிக்கு, அலாரம் அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால், ஒரு பாதம் என் கன்னத்தில் வந்து உட்காரும். நகம் வெளியே வராது. கண்ணைத் திறக்காவிட்டால் இரண்டாவது பாதமும் வரும். குளிர்காலத்தில் இட்லி மாவு புளிப்பதற்காகப் பாத்திரத்தை ஹீட்டருக்கு மேலே உள்ள ஜன்னல் திட்டில் வைப்பேன். ஃப்ரீடாவுக்கும் அதே இடம்தான் பிடிக்கும். பாத்திரத்தைச் சுற்றி வளைந்து படுத்துக்கொள்ளும். "பூனை அடகாத்த மாவுல இட்லி எப்படி வருது?" என்று அம்மா கேலி செய்வார். உண்மையைச் சொன்னால், ஒன்பது வருடம் இந்தக் குளிரில் கல்லாக இருந்த என் இட்லி இப்போதுதான் பொங்கி வருகிறது.

நான் எதையும் இரண்டு தரம் பார்க்கிறவள். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, குழந்தையின் நெற்றி சுடுகிறதா. மடியில் பூனை தூங்கும்போது எழுந்துபோய் எதையும் பார்க்க முடியாது. பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அடுப்பு அதுபாட்டுக்கு அணைந்துதான் இருக்கிறது என்பதை இந்தப் பூனைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

2

பூனை வளர்க்கிற எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. ஆதிரை முதல் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆனபோது ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குழந்தை வகுப்பில் வாய்விட்டுப் படிப்பதில்லை, உதடு மட்டும்தான் அசைகிறது என்றார். என்னால் நம்ப முடியவில்லை. காய்கறிக் கடையில் எல்லோர் முன்னாலும் என் ஜெர்மனைத் திருத்துகிறவள் அவள். தமிழில் ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பதில் ஜெர்மனில்தான் வரும். அப்படிப்பட்டவள் பள்ளியில் ஊமையாக இருக்கிறாள். என் பயம் அவளுக்கும் தொற்றிவிட்டதோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆசிரியையே ஒரு யோசனை சொன்னார். ஊர் எல்லையில் பிராணிகள் காப்பகம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் சிறு பிள்ளைகள் அங்கே போய்ப் பூனைகளுக்குப் புத்தகம் படித்துக் காட்டலாம். பூனைகளுக்கு மனிதக் குரல் பழகும், பிள்ளைகளுக்குக் கூச்சம் போகும். சிரிப்பு வந்தாலும் அழைத்துப் போனேன்.

அறை அறையாகக் கண்ணாடித் தடுப்பு. இளம் பூனைகள் ஒரு வரி கேட்டுவிட்டு ஓடிவிட்டன. கடைசி அறையில் சாம்பல் வரிப் பூனை ஒன்று, முன்கால்களை மடக்கிக்கொண்டு, கடைசிப் பக்கம் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்காவது சனிக்கிழமை ஆதிரையின் குரல் வராந்தா வரை கேட்டது.

"அம்மா, நான் ரெண்டு தடவ தப்பா படிச்சேன். அது திருத்தவே இல்ல," என்றாள் பேருந்தில். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், ஃப்ரீடாவை நாமே அழைத்து வந்துவிடலாமா என்று கேட்டுவிட்டாள்.

அடுத்த வாரம்தான் அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையை நான் நின்று படித்தேன். பெயர், வயது, போட்ட ஊசிகள், வந்து பதினான்கு மாதம். கடைசி வரியில் ஒப்படைத்த காரணம்: வீட்டில் குழந்தை.

இரண்டாம் தரமும் படித்தேன். 

3

ஊரில் எங்கள் வீட்டிலும் ஒரு பூனை இருந்தது. அதன் பெயர் வேஸ்டு.

அப்பா நூற்பு மில்லில் வேலை பார்த்தவர். பஞ்சுப் பொதியைப் பிரித்து இயந்திரத்துக்குள் விடும் பிரிவில் இருபத்தெட்டு வருடம். நான் கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும்போது, ஷிப்டு முடிந்து வந்தவர் சாப்பாட்டுப் பையைத் தின்பண்டம் இருப்பதுபோல் என் கையில் கொடுத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி. மில்லில் கழித்துப் போடும் வேஸ்டுப் பஞ்சுக் குவியலுக்குள் கிடந்ததாம். நிறமும் அதேதான். அழுக்கு வெள்ளை, இடையிடையே சாம்பல். "வேஸ்டுக்குள்ள கெடந்துச்சு," என்று அப்பா சொன்னதில் பாதியை நாங்கள் பெயராக எடுத்துக்கொண்டோம்.

வெளிநாட்டில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால், அபூர்வமாகத் தெரிந்தவர்கள்கூட நாயைத்தான் கேட்பார்கள். எங்கள் தெருவிலும் நாய்க்குத்தான் மரியாதை. நாய்க்குச் சங்கிலி உண்டு, ஊசி உண்டு, விலை உண்டு. பூனையை யாரும் வளர்ப்பதாகச் சொல்ல மாட்டார்கள். அது வரும், போகும். குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும். கொல்லைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தால் அதற்கு மேல் ஒருவர் கடமை எதுவும் இல்லை.

ஆனால் வேஸ்டு எங்கும் போகவில்லை. என் எம்.எஸ்ஸி. நோட்டுகளின் மேல் தூங்கியே வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் காகிதச் சத்தம் கேட்டால், எந்தக் கூரை மேல் இருந்தாலும் வந்து சேரும். "பேங்க் மேனேஜர் வந்துட்டாரு, எலயப் போடுங்க," என்பார் அம்மா. கல்யாணமாகி ஜெர்மனிக்குக் கிளம்பிய அன்று என் பெட்டிக்குள் படுத்துக்கொண்டது. அதன் முடி ஒட்டிய சுவெட்டரை முதல் குளிர்காலம் முழுக்க நான் துவைக்கவில்லை.

4

பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். எட்டாவது மாதம். மூன்று வருடம் கழித்துப் பார்த்தாலும் வேஸ்டு என்னை மறக்கவில்லை. வயிற்றின் மேல் தலையை வைத்துக்கொண்டு சுகமாகக் 'குர்ர்' என்று சத்தமிடும். உள்ளே குழந்தை உதைக்கும். இரண்டும் பேசிக்கொள்கின்றன என்று அம்மா சொல்வார்.

நாள் நெருங்க நெருங்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. இணையத்தில் தேடத் தொடங்கினேன். பூனையால் கர்ப்பத்துக்கு வரக்கூடிய கேடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். பூனையின் கழிவைத் தொடாதே, சோப்புப் போட்டுக் கை கழுவு, அது போதும் என்றார். சரியென்று வீட்டுக்கு வந்து மறுபடியும் தேடினேன். எதிர்வீட்டு மதினி, "பூன முடி பச்சப் புள்ள மூச்சுக்குள்ள போச்சுன்னா பொறவு எடுக்க ஏலாது," என்றார். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள், டாக்டரை விட்டுவிட்டு மதினியை நம்பினேன்.

"எம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பொறுப்பு? அதக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வாங்கப்பா."

அப்பா மறுநாள் மத்தியானம் ஒரு சாக்கை எடுத்தார். எங்கள் பக்கத்தில் பூனையை விட ஒரு முறை உண்டு. சாக்கில் போட்டு வாயைக் கட்ட வேண்டும். வழி தெரியாமல் இருக்க மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு கண்மாயாவது தாண்ட வேண்டும். வேஸ்டைச் சாக்குக்குள் வரவழைக்கக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். அது தானாகவே உள்ளே போனது. டி.வி.எஸ். பிப்டியின் முன்பலகையில் சாக்கை வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் உள்ளறையில் இருந்தேன். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார். மம்சாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு அரவை மில்லில் விட்டதாகச் சொன்னார். "எலித் தொல்லையாம். அவிய சந்தோசமா வாங்கிக்கிட்டாவ." அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய் வந்திருக்கிறார். கையில் இலையில் மடித்த பால்கோவா, சூடு ஆறாமல் இருந்தது. நான் சாப்பிட்டேன்.

மறுநாளும் பால்கோவா வந்தது. அதற்கு மறுநாளும். "புள்ளத்தாச்சிக்குச் சீனிய ஏத்துறதுக்கா பாக்கீய?" என்று அம்மா சத்தம் போட்டார். அப்பா சிரித்து மழுப்பினார். அந்த வாரம் முழுக்கத் தினமும் சாயங்காலம் இலைப் பொட்டலம் வந்தது. பிறகு ஆதிரை பிறந்தாள். பேத்தி வரப்போகிற பூரிப்பில் எங்கப்பா தினமும் பதினோரு கிலோமீட்டர் போய்ப் பால்கோவா வாங்கி வந்தார் என்று இங்கே எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

5

காப்பகத்தின் படிவம் நான்கு பக்கம். வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் வேண்டும். பால்கனிக்கு வலை உண்டா, பூனை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். ஏழாவது கேள்வி: இதற்கு முன் வளர்த்த பிராணியை எப்போதாவது கைவிட்டது உண்டா? உண்டு என்றால் காரணம் எழுதவும்.

"இல்லன்னு போடு," என்றார் செந்தில். எங்கள் ஊருக்குப் பக்கத்துச் செட்டியார்பட்டிக்காரர், எதையும் இரண்டு சொல்லில் முடிப்பார். "மம்சாபுரத்துக்கு ஆள் அனுப்பியா விசாரிக்கப் போறாங்க?"

பென்சிலால் 'இல்லை' என்று எழுதினேன். அழித்தேன். 'உண்டு' என்று எழுதினால் பூனை கிடைக்காது. ஆதிரையின் குரல் மறுபடியும் உள்ளே போய்விடும். 'இல்லை' என்று எழுதினால் அந்த அட்டையின் முன்னால் நான் எப்படி நிற்பது? பொய்யும் இல்லாமல் முழு உண்மையும் இல்லாமல் ஒரு வழி தோன்றியது. பூனையை வேறொரு நல்ல இடத்தில் ஒப்படைத்தோம், இன்றும் நலமாக இருக்கிறது என்று எழுதலாம். அப்பாதான் வருடத்துக்கு ஒருமுறை கேட்கும்போதெல்லாம் "ராணியாட்டம் இருக்கு" என்கிறாரே. அரவை மில்லின் விவரம் கேட்பதற்காக அழைத்தேன்.

"அந்த மில்லுக்காரங்க பேரு என்னப்பா? ஒரு படிவத்துல எழுதணும்."

அப்பா செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அம்மா காதில் விழாத இடம்.

"எழுதாத தாயி."

"ஏம்ப்பா?"

"மில்லுக்காரங்க யாரும் வாங்கிக்கிடல. மில்லுக்குப் பின்னால அவுத்து விட்டுட்டு வந்தேன். மனசு கேக்கல. மறுநாள் சாயங்காலமே போனேன். இல்ல. வாட்ச்மேன் சொன்னாரு, ராத்திரி பூரா மில்லு கேட்டு முன்னால உக்காந்து கத்துச்சாம். விடிஞ்சு பாத்தா காணோமாம்."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"எட்டு நாள் போனேன். கருவாட்டுப் பொட்டலத்தப் பிரிச்சிப் பிரிச்சிப் பாத்தேன். கண்மாய்க் கரை, தென்னந்தோப்பு, ஒண்ணு விடல. உங்கம்மா எங்க போனீயன்னு கேப்பாளே. நெறமாசக்காரிகிட்ட என்னத்தச் சொல்ல? அதான் பால்கோவா. ஒம்பதாம் நாள் உனக்கு வலி வந்துட்டு. ஆசுபத்திரி, தொட்டில்னு ஆகிப்போச்சு. பொறவு போகல."

அதன் பிறகு அப்பா எங்கள் வீட்டுக்குப் பால்கோவா வாங்கியதே இல்லை. சர்க்கரை வியாதிக்குப் பயந்து நிறுத்திவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

பேனாவை எடுத்து ஏழாவது கேள்விக்கு 'உண்டு' என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் கை ஓடவில்லை. வெறுமனே விட்டுவிட்டேன்.

6

வீடு பார்க்கக் காப்பகத்திலிருந்து க்ரூகர் அம்மையார் வந்தார். அறுபது வயது இருக்கும். நடையிலும் பேச்சிலும் அவசரம் கிடையாது. பால்கனி வலையை இழுத்துப் பார்த்தார். படிவத்தில் என் பிறந்த ஊரைப் பார்த்ததும், "அந்த வெள்ளை நாயின் ஊர்!" என்று முகம் மலர்ந்தார். பிறகு ஏழாவது கேள்விக்கு வந்தார். காரணம் ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

ஆய்வகத்தில் மணிக்கணக்காகப் பேசுகிற ஜெர்மன் அந்த நேரத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. சாக்கு, கண்மாய், கருவாடு என்று எல்லாம் தமிழில்தான் நின்றன. மேசைக்கு அடியிலிருந்து ஆதிரை வந்தாள்.

"நீ தமிழ்ல சொல்லு. நான் சொல்றேன்."

அவள் வாயால் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. அவள் பிறக்கப்போகிறாள் என்பதற்காகத்தானே அந்தப் பூனையைத் துரத்தினேன். காரணத்தை நாளைக்கு எழுதி அனுப்புகிறேன் என்று தப்பித்திருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பூனை அவளைப் பார்த்ததுபோல, திருத்தாமல்.

சொன்னேன். வேஸ்டு என்று ஒரு பூனை இருந்தது. நீ என் வயிற்றில் இருந்தாய். எனக்குப் பயம். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். தாத்தா சாக்கில் கொண்டுபோய் விட்டார். எட்டு நாள் தேடினார். ஒன்பதாம் நாள் நீ பிறந்தாய்.

வரி வரியாக அவள் ஜெர்மனில் சொன்னாள். நடுங்காத, தெளிவான குரல். கடைசி வரியில் மட்டும் நின்று என் பக்கம் திரும்பினாள்.

"நான் இன்னும் கொஞ்சம் லேட்டா பொறந்திருக்கலாம்ல அம்மா? தாத்தா கண்டுபிடிச்சிருப்பாங்க."

அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அங்கிருந்தபடியே க்ரூகர் அம்மையாரிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஃப்ரீடாவைத் தேடிக்கொண்டு யாராவது வந்தார்களா?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லை. பதினான்கு மாதத்தில் யாரும் வரவில்லை."

"எங்க தாத்தா தேடினாங்க," என்றாள் ஆதிரை. இதை யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை.

பிறகு க்ரூகர் அம்மையார் என்னைப் பார்த்து, இன்னொரு குழந்தை பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இதற்கு என் ஜெர்மனே போதுமானதாக இருந்தது. "பூனையும் இருக்கும். குழந்தையும் இருக்கும்."

அவர் படிவத்தில் எதையோ எழுதினார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எல்லாப் படிவத்திலும் 'இல்லை' என்றுதான் எழுதியிருக்கும். எங்கள் அறைகளோ எப்போதும் நிறைந்திருக்கின்றன. சனிக்கிழமை கூடை கொண்டு வாருங்கள்."

7

ஃப்ரீடா வந்த முதல் மூன்று நாள் சோபாவுக்கு அடியிலேயே கிடந்தது. நான்காம் நாள், ஆதிரை தரையில் குப்புறப் படுத்துப் பள்ளிப் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது, வெளியே வந்து புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்தது. வகுப்பில் இப்போது அவளைப் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஆசிரியை எழுதி அனுப்புகிறார். இரவில் பூனைக்குக் கதை சொல்வது தமிழில். ஏன் என்று கேட்டேன். "அதுக்கு ஜெர்மன் ஏற்கெனவே தெரியும்ல," என்றாள்.

பால்கனிக் கதவைத் திறந்தாலும் அதற்கப்பால் வலைதான். இருந்தாலும் ஒவ்வொரு மாலையும் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து வைக்கிறேன். கை தானாகச் செய்கிறது.

நேற்று கேக் பேச்சு முடிந்ததும் அம்மா செல்போனை அப்பாவிடம் கொடுத்தார். அவர் என் செல்போனைத் தரையில் வைக்கச் சொல்லி ஃப்ரீடாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது. அவரும் மூடித் திறந்தார்.

"சனிக்கெழம நானும் கொண்டாடலாம்னு இருக்கேன் தாயி. பால்கோவா வாங்கிட்டு வாரேன்."

உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "சீனி எம்புட்டு இருக்குன்னு டாக்டர் சொன்னது மறந்துட்டோ?"

"ஒரு நாள்தானட்டி."

"நம்ம ஊர்க் கடையிலயே கிடைக்குமேப்பா," என்றேன். "வெயில்ல அவ்வளவு தூரம் எதுக்கு?"

அப்பா செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்ரீவில்லிபுத்தூருதான் போறேன். வர்ற வழியில அந்த அரவ மில்லுப் பக்கம் ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்."

ஏழு வருடம் ஆகிவிட்டது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கருவாடு எடுத்துட்டுப் போங்கப்பா," என்றேன்.

"வண்டிப் பெட்டியில வச்சிட்டேன் தாயி."